கணினி கண்விழிக்கும் நொடிகள்

நுழையும்முன்

பொத்தானை அழுத்தியதும் மேசைக்கணினியின் திரையில் விண்டோசோ லினக்சோ உடனே தோன்றுவதில்லை. இடையில் சில நொடிகள் கழிகின்றன. திரை கருமையாக இருக்கிறது; நிறுவனச் சின்னம் ஒன்று மின்னி மறைகிறது. அந்தச் சில நொடிகளில் கணினி தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்கிறது; நாள், நேரம் பார்க்கிறது; யாரிடம் பொறுப்பை ஒப்படைப்பது என முடிவு செய்கிறது. அம்முடிவுகளை வகுத்துவைக்கும் இடமே பயாஸ். அதன் பணியையும், அதில் கைவைப்போர் அறிய வேண்டியவற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

மூலையில் வைக்கப்படும் கணினி

வைகைச் சமவெளியில் உள்ள மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற ஊர்களின் பள்ளிக் கணினி அறைகளில், கோடை விடுமுறை முடிந்து கதவு திறக்கும் ஜூன் மாதத்தில் நிகழக்கூடிய ஒன்று உண்டு. பல வாரங்கள் மின்சாரம் துண்டிக்கப்பட்டுக் கிடந்த கணினிகளுள் ஒன்றிரண்டு, இயக்கியதும் கருந்திரையில் இரண்டு ஆங்கில வரிகளைக் காட்டி நின்றுவிடும். 'சிமாஸ் செக்சம் எரர்' என்பது ஒரு வரி. தொடர்வதற்கு எஃப் 1 விசையை அழுத்துமாறு கூறுவது மற்றொன்று. அவ்வரிகளின் பொருள் அறியாதவர் அக்கணினி பழுதாகிவிட்டது எனத் தாளில் எழுதி ஒட்டி மூலையில் வைத்துவிடுவார். அன்றுமுதல் இருவர் அமர்ந்து பழகிய கணினியின் முன் மூவர் அமர வேண்டியதாகிறது. மூன்றாமவருக்கு விசைப்பலகை எட்டுவதில்லை. செய்முறைத் தேர்வு வரும்பொழுது அந்த இழப்பு மதிப்பெண்ணில் தெரியும்.

உண்மையில் அக்கணினியில் பழுதுபட்டது ஒரு நாணய அளவிலான மின்கலம் மட்டுமே. அதன் விலை நான்கைந்து குவளைத் தேநீரின் விலையே. அதை மாற்றி, நாளையும் நேரத்தையும் திருத்திவிட்டால் கணினி முன்போல் இயங்கும். இதைச் செய்யப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. திரையில் வரும் சொற்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் பொறுமையே போதும்.

முதற்கட்டளை எங்கிருந்து வருகிறது?

மின்சாரம் பாய்ந்த கணத்தில் நுண்செயலிக்கு எதுவும் நினைவில் இல்லை. குறிப்பிலா அணுகல் நினைவகம் வெறுமையாக இருக்கிறது. வன்வட்டு ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறது என்பதுகூட அதற்குத் தெரியாது. ஆயினும் ஒன்றுமட்டும் அதன் வன்பொருளிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. விழித்தவுடன் ஒரு குறிப்பிட்ட முகவரிக்குச் சென்று அங்குள்ள கட்டளையைப் படிக்க வேண்டும் என்பதே அது. இன்டெல் வழிவந்த நுண்செயலிகளில் அம்முகவரி, நான்கு கிகாபைட்டு முகவரிவெளியின் முடிவுக்குப் பதினாறு பைட்டுகள் முன்னே அமைந்துள்ளது. பதினாறு பைட்டுகளில் பெரிய நிரல் எதையும் எழுத இயலாது. ஆகவே அங்கே 'இன்ன இடத்திற்குத் தாவு' என்னும் கட்டளை மட்டும் இருக்கும். தாவிச் சென்று சேருமிடம், தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்ட ஒரு சிறு சில்லு. அதில் உறைந்திருக்கும் நிரல்தொகுதியே அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு அமைப்பு, சுருக்கமாகப் பயாஸ்.

மதுரையின் மாசி வீதிகளில் விடியற்காலையில் கடை திறக்கும் பணியாளரைப் பயாசுக்கு ஒப்பிடலாம். முதலாளி வருவதற்கு முன்பே அவர் வந்து பூட்டைத் திறக்கிறார், விளக்கைப் போடுகிறார், தராசு சரியாக நிற்கிறதா எனப் பார்க்கிறார், நேற்று வைத்தவை வைத்த இடத்தில் இருக்கின்றனவா என நோக்குகிறார். ஏதேனும் குறையிருந்தால் குரல்கொடுக்கிறார். முதலாளி வந்து இருக்கையில் அமர்ந்ததும் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். இங்கு முதலாளி என்பது இயக்க அமைப்பு. பணியாளர் செய்யும் சரிபார்ப்பே தொடக்கநிலைத் தற்சோதனை எனப்படுகிறது. நினைவகப் பலகை சரியாகப் பொருந்தவில்லை என்றால் அந்நிலையில் திரை இயங்காது. எனவே பயாஸ் ஒலியெழுப்பிக் குறையைச் சொல்கிறது. பீப் ஒலி எத்தனைமுறை, எவ்வளவு நீளமாக ஒலிக்கிறது என்பதற்குப் பொருள் உண்டு. அப்பொருள் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும் என்பதால் தாய்ப்பலகையுடன் வரும் கையேட்டைத் தூக்கியெறியாமல் வைத்திருப்பது நல்லது.

பெயரும் பிறப்பும்

பயாஸ் என்னும் பெயரை வழங்கியவர் கேரி கில்டால் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர். 1970களில் அவர் உருவாக்கிய சி.பி.எம். என்னும் இயக்க அமைப்பில், வன்பொருளோடு நேரடியாக உரையாடும் பகுதியை அவர் தனியே பிரித்து அப்பெயரிட்டார். 1981 ஆகஸ்டு 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபொழுது, அப்பகுதி படிக்க மட்டும் நினைவகத்தில் எழுதப்பட்டுத் தாய்ப்பலகையிலேயே அமர்ந்தது. அன்று அதன் அளவு 8 கிலோபைட்டு. இன்றைய தாய்ப்பலகைகள் பலவற்றில் அச்சில்லின் கொள்ளளவு 16 மெகாபைட்டு. ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு.

ஐ.பி.எம். கணினியின் ஏனைய உறுப்புகள் கடையில் எவரும் வாங்கத்தக்கவையாக இருந்தன. அதன் பயாஸ் மட்டும் பதிப்புரிமைக்கு உட்பட்டது. அதை அப்படியே படியெடுத்தால் சட்டம் தடுக்கும், படியெடுக்காவிடில் ஐ.பி.எம். மென்பொருள்கள் பிற கணினிகளில் ஓடா. இச்சிக்கலைக் காம்பேக் நிறுவனமும், பின்னர் 1984இல் பீனிக்ஸ் நிறுவனமும் தீர்த்த விதம் சுவையானது. ஒரு குழுவினர் ஐ.பி.எம். பயாசை ஆராய்ந்து, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் குறிப்பாக எழுதினர். அந்நிரலை ஒருபோதும் பார்த்திராத மற்றொரு குழுவினர், அக்குறிப்பை மட்டும் கையில் கொண்டு புதிதாக நிரல் எழுதினர். கண்டவர் எழுதக் கூடாது. எழுதுபவர் கண்டிருக்கக் கூடாது. இந்த விதியால் பிறந்த பயாஸ் எவருக்கும் விற்கப்படலாயிற்று. தனியாள் கணினி ஒரே நிறுவனத்தின் உடைமையாக இல்லாமல் உலகெங்கும் மலிந்து, உசிலம்பட்டிப் பள்ளிவரை வந்து சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டோடு தொடர்புடைய பகுதியும் உண்டு. பல கணினிகளின் தொடக்கத்திரையில் 'அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ்' என்னும் பெயர் மின்னி மறைவதை மாணவர்கள் கண்டிருக்கக்கூடும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1985இல் அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் சுப்ரமோனியன் சங்கர் என்னும் இந்திய வம்சாவளிப் பொறியாளர். தொடக்கத்தில் தாய்ப்பலகைகளையும் செய்த அந்நிறுவனம், பின்னர் பயாஸ் உருவாக்கத்தில் உலகின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. அதன் இந்திய மையம் சென்னையில் இயங்குகிறது. பெயரில் அமெரிக்கா இருப்பதால், அதில் சென்னைப் பொறியாளர்களின் உழைப்பு கலந்திருப்பது எளிதில் தெரிவதில்லை.

நினைவில் வைக்கும் மின்கலம்

1981ஆம் ஆண்டின் கணினியில் எத்தனை வட்டியக்கிகள் உள்ளன, நினைவகம் எவ்வளவு என்பவற்றைத் தாய்ப்பலகையிலிருந்த சிறு விசைகளை மேலும் கீழும் தள்ளித் தெரிவிக்க வேண்டியிருந்தது. நாளையும் நேரத்தையும் ஒவ்வொரு முறையும் பயனரே தட்டச்சு செய்தார். 1984இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. என்னும் கணினிதான் மின்கலத்தால் உயிர்காக்கப்படும் சிறு நினைவகத்தைக் கொண்டுவந்தது. மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிமாஸ் என்னும் தொழில்நுட்பத்தால் அது செய்யப்பட்டதால், அந்நினைவகத்திற்கே சிமாஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது. மொத்தம் 64 பைட்டுகள். அவற்றுள் 14 பைட்டுகள் கடிகாரத்திற்கு. எஞ்சிய 50 பைட்டுகள் அமைப்புகளுக்கு. ஒரு குறுஞ்செய்தியின் அளவைவிடச் சிறிய இடத்தில் ஒரு கணினியின் முழு விவரமும் அடங்கியிருந்தது.

இன்றைய பலகைகளில் அமர்ந்திருப்பது சி.ஆர். 2032 என்னும் லித்தியம் மின்கலம். அவ்வெண்ணிலேயே அதன் அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். மின்னழுத்தம் 3 வோல்ட்டு. கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி. கடிகாரச் சுற்று 5 மைக்ரோ ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது எனக் கொண்டால், அம்மின்கலம் 44,000 மணிநேரம் தாங்கும். அஃதாவது ஐந்து ஆண்டுகள். கடிகாரத்தின் இதயமாக ஒரு குவார்ட்சு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அவ்வெண் இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும் என்பதற்காகவே அது தெரிந்தெடுக்கப்பட்டது.

ஐந்து ஆண்டுகள் என்னும் கணக்கு, மின்கலம் இடைவிடாது உழைத்தால் பொருந்துவது. கணினி நிறுத்தப்பட்டிருந்தாலும் சுவரிலுள்ள மின்விசை போடப்பட்டிருக்குமானால், மின்வழங்கி ஒரு சிறு காத்திருப்பு மின்சாரத்தைத் தாய்ப்பலகைக்குத் தந்துகொண்டே இருக்கும்; கடிகாரம் அதிலிருந்தே ஊட்டம் பெறும். மின்கலம் ஓய்வெடுக்கும். நம் ஊர்களில் வேலை முடிந்ததும் சுவர்விசையை அணைத்துவிடுவது நல்ல பழக்கமாகக் கற்பிக்கப்பட்டுள்ளது. இடி, மின்னல், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு ஆகியவற்றிலிருந்து அது கணினியைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. அதற்குரிய விலையை மின்கலம் தருகிறது. இரவு முழுவதும், விடுமுறை முழுவதும் கடிகாரத்தை அதுவே தனியாகச் சுமக்கிறது. ஆகவே நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மின்கலத்தை மாற்றுவதைக் கோளாறாகக் கருதாமல் பராமரிப்பாகக் கருதுவதே முறை.

செக்சம் என்னும் சொல்லுக்கு வருவோம். மளிகைக் கடைச் சிட்டையில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு தொகையும், அடியில் மொத்தமும் எழுதப்பட்டிருக்கும். நடுவிலுள்ள தொகை ஒன்று அழிந்து மாறிவிட்டால், மீண்டும் கூட்டும்பொழுது மொத்தம் பொருந்தாது. எந்த வரி மாறியது என்று தெரியாவிடினும் ஏதோ மாறிவிட்டது என்பது தெரிந்துவிடும். பயாசும் இதையே செய்கிறது. சேமித்த அமைப்புகளைக் கூட்டி ஒரு மொத்தத்தை அருகிலேயே எழுதிவைக்கிறது. அடுத்தமுறை விழிக்கும்பொழுது மீண்டும் கூட்டிப்பார்க்கிறது. மின்கலம் தளர்ந்து எண்கள் சிதைந்திருந்தால் மொத்தம் பொருந்துவதில்லை. உடனே சேமித்தவை அனைத்தையும் நம்பாமல், தொழிற்சாலையில் வகுக்கப்பட்ட இயல்புநிலை அமைப்புகளை ஏற்றிக்கொண்டு, செய்தியையும் காட்டுகிறது. புதிய பலகைகள் பலவற்றில் அமைப்புகள் மின்கலம் தேவைப்படாத நினைவகத்தில் எழுதப்படுவதால், மின்கலம் தீர்ந்தால் கடிகாரம் மட்டும் பிறழும்.

மாற்றும் முறை எளிது. கணினியை நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். பின் தொடக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தினால் உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை நீக்கிக்கொண்ட பிறகே உள்ளே கைவைக்க வேண்டும். பக்கவாட்டிலுள்ள சிறு கொக்கியைத் தள்ளினால் மின்கலம் மேலெழும். கூட்டல்குறி மேல்நோக்கி இருக்குமாறு புதியதைப் பொருத்த வேண்டும். பழைய மின்கலத்தைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டுமாறு போட்டுவிடக் கூடாது. விழுங்கப்பட்ட நாணய மின்கலம் உணவுக்குழாயைச் சில மணிநேரத்திலேயே புண்படுத்தக்கூடியது.

கடிகாரம் பிறழ்ந்தால்

நாள் தவறாக இருப்பதால் என்ன கேடு எனத் தோன்றலாம். வங்கியின் இணையத்தளமும் தேர்வு முடிவுகளைக் காட்டும் தளமும் தம் அடையாளத்தை மெய்ப்பிக்க ஒரு மின்சான்றிதழைக் காட்டுகின்றன. அச்சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிட்டால், இன்று வழங்கப்பட்ட சான்றிதழ் 'இன்னும் தொடங்காதது' எனத் தோன்றும். உலாவி அத்தளத்தைத் திறக்க மறுக்கும். இணைய இணைப்பு சரியாக இருந்தும் தளங்கள் திறக்காதபொழுது, முதலில் காண வேண்டியது திரையின் ஓரத்திலுள்ள நாளே.

ஒரே கணினியில் விண்டோசும் லினக்சும் நிறுவப்பட்டிருந்தால் வேறொரு விந்தையும் நேரலாம். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது நெருக்கமான செய்தி. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில், விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவித் தரப்பட்டது. பாஸ் லினக்ஸ் என்பது சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய இந்திய இயக்க அமைப்பு. தாய்ப்பலகைக் கடிகாரம் காட்டுவது உள்ளூர் நேரம் என விண்டோஸ் கொள்கிறது. உலகப் பொதுநேரம் எனக் கொள்வது லினக்சின் வழக்கம். இந்திய நேரம் பொதுநேரத்தைவிட ஐந்தரை மணிநேரம் முந்தியது. மதுரையில் காலை 10.00 மணி ஆகும்பொழுது, லினக்ஸ் கடிகாரத்தில் 4.30 என எழுதிவைக்கிறது. பிறகு விண்டோசைத் திறந்தால் அது விடியற்காலை 4.30 எனக் காட்டும். விண்டோஸ் 10.00 என எழுதிவைத்ததை லினக்ஸ் படித்தால் பிற்பகல் 3.30 எனக் காட்டும். வேறுபாடு சரியாக ஐந்தரை மணியாக இருந்தால் மின்கலத்தை ஐயுறத் தேவையில்லை. உள்ளூர் நேரத்தையே கொள்ளுமாறு லினக்சுக்கு ஆணையிட்டால் போதும்.

அமைப்புத் திரையில்

பயாஸ் அமைப்புத் திரைக்குள் நுழையும் வழி, கணினியை இயக்கியவுடன் ஒரு குறிப்பிட்ட விசையை விட்டுவிட்டுத் தட்டுவது. அசூஸ், கிகாபைட் முதலிய பலகைகளில் அது டெலிட் விசை, டெல் கணினிகளில் எஃப் 2, எச்.பி. மேசைக்கணினிகளில் எஃப் 10. உள்ளே சென்றபின் எதையும் மாற்றுவதற்கு முன், ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துவைப்பது அறிவுடைமை. குழப்பம் நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்ப அப்படங்களே வழிகாட்டும். ஒருமுறைக்கு ஓர் அமைப்பை மட்டும் மாற்றிச் சோதிக்க வேண்டும். ஐந்தை ஒருசேர மாற்றியபின் கணினி நின்றுவிட்டால், நிறுத்தியது எது என்று கண்டுபிடிப்பது அரிது.

எந்தக் கருவியிலிருந்து இயக்க அமைப்பைத் தேட வேண்டும் என்னும் வரிசையே 'பூட் ஆர்டர்'. புதிய இயக்க அமைப்பை நிறுவும்பொழுது விரலியை முதலிடத்தில் வைப்பார்கள். நிறுவியபின் வன்வட்டை முதலிடத்திற்குக் கொண்டுவர மறந்துவிடுவதும் உண்டு. அப்படியே விட்டுவிட்டால், எவரோ மறந்து செருகிவைத்த விரலியிலிருந்து கணினி தொடங்க முயன்று நின்றுபோகும். பொதுப் பயன்பாட்டுக் கணினியில் அது பாதுகாப்புக் குறையும் ஆகும்; அந்நிய விரலியிலிருந்து தொடங்கப்பட்ட கணினி, வன்வட்டிலுள்ள கோப்புகளைக் கடவுச்சொல் கேளாமலே காட்டிவிடக்கூடும்.

மதுரைப் பகுதியினர் கவனிக்க வேண்டிய அமைப்பு 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பது. மின்சாரம் நின்று மீண்டும் வந்தால் கணினி என்ன செய்ய வேண்டும் என அது கேட்கிறது. நின்றபடியே இருக்கலாம், தானே இயங்கத் தொடங்கலாம், முன்பிருந்த நிலைக்குத் திரும்பலாம். எவரும் அருகிலில்லாத வழங்கிக் கணினி தானே எழுவது நன்று. முப்பது கணினிகள் உள்ள பள்ளி அறைக்கு அது ஏற்றதன்று. மின்தடைக்குப்பின் மின்சாரம் நிலையாக வருவதற்கு முன் இரண்டு மூன்று முறை வந்து வந்து போவதை இப்பகுதி மக்கள் நன்கறிவர். ஒவ்வொரு முறையும் முப்பது கணினிகளும் ஒருசேரத் துள்ளி எழுந்தால் மின்கம்பிகளும் தடையிலா மின்வழங்கியும் அச்சுமையைத் தாங்க வேண்டும். எழுந்த கணத்திலேயே மீண்டும் மின்சாரம் போனால் வன்வட்டில் எழுதிக்கொண்டிருந்தது சிதையும். இங்கே 'நின்றபடியே இரு' என்னும் தெரிவே பொருத்தமானது.

கத்திரி வெயிலில் மதுரையின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தொடுவதுண்டு. குளிரூட்டப்பட்ட 25 டிகிரி அறையில் சோதிக்கப்பட்ட கணினி, இவ்வறையில் தொடக்கத்திலேயே 15 டிகிரி கூடுதல் வெப்பத்தோடு இயங்குகிறது. நுண்செயலியின் வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரியை நெருங்கினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதன்பின்னும் தணியாவிடில் தன்னை நிறுத்திக்கொள்ளும். மாணவர் 'கணினி மந்தமாக இருக்கிறது' என்பார், மென்பொருளைக் குறைகூறுவார். பயாசில் உள்ள வன்பொருள் கண்காணிப்புப் பக்கம் வெப்பநிலையையும் விசிறியின் சுழற்சியையும் எண்ணாகவே காட்டிவிடும். விசிறியை அமைதியான நிலையிலிருந்து இயல்பு நிலைக்கோ விரைவு நிலைக்கோ மாற்றலாம். இரைச்சல் கூடும், வெப்பம் குறையும். எனினும் வெப்பம் விலக்கியின் இடுக்குகளில் கரிசல் தூசி அடைத்திருக்குமானால் எந்த அமைப்பும் பயன்தராது. முதலில் தூரிகை, பிறகுதான் பயாஸ்.

சில அமைப்புகளைத் தொடாதிருப்பதே நலம். வன்வட்டு எம்முறையில் உரையாட வேண்டும் என்பதைக் குறிக்கும் 'சாட்டா மோட்' அவற்றுள் ஒன்று. விண்டோஸ் நிறுவப்பட்டபின் அதனை முன்னேற்பாடின்றி மாற்றினால் நீலத்திரையோடு கணினி நின்றுவிடலாம். பழைய நிலைக்கு மாற்றினால் மீண்டு எழும். நுண்செயலியின் மின்னழுத்தத்தை உயர்த்தி வேகத்தைக் கூட்டும் அமைப்புகளும் வெப்பமிகு ஊருக்கு உகந்தவை அல்ல. நினைவகத்தின் வேகம் வேறு வகை. 3200 என்று பெயர்ச்சீட்டில் அச்சிடப்பட்ட நினைவகப் பலகை, இயல்புநிலையில் அதைவிடக் குறைந்த வேகத்தில் ஓடுவதுண்டு, 'எக்ஸ்.எம்.பி.' என்னும் அமைப்பை இயக்கினால் அது உரிய வேகத்தை அடையும்.

பயாசின் வாரிசு

இன்று பயாஸ் என வழங்கப்படுவது பெரும்பாலும் யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய அமைப்பே. இன்டெல் தொடங்கிய அம்முயற்சியை 2005முதல் பல நிறுவனங்கள் இணைந்த மன்றம் வளர்த்துவருகிறது. பழைய பெயர் நாவில் நின்றுவிட்டது. இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட வன்வட்டிலிருந்தும் தொடங்குவது, சுட்டியால் இயக்குவது எனப் புதியன பல. அவற்றுள் 2012இல் விண்டோஸ் 8 வந்தபொழுது பரவலான 'செக்யூர் பூட்' குறிப்பிடத்தக்கது. தொடக்க நிரலில் நம்பத்தக்க மின்கையொப்பம் இருக்கிறதா எனப் பார்த்த பின்னரே அது சாவியைக் கொடுக்கிறது. கடை உரிமையாளரின் முகத்தைப் பணியாளர் உற்றுநோக்குவது போன்றது இது.

2021இல் வெளியான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும் இருக்க வேண்டும் என்றது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான இயல்பான ஆதரவு முடிந்தது. 'இக்கணினி தகுதியற்றது' என்னும் செய்தியைக் கண்டவுடன் புதுக்கணினி வாங்க முற்படுவோர் ஒன்றை அறிய வேண்டும். பல பலகைகளில் அக்கூறு ஏற்கெனவே இருந்தும் பயாசில் அணைக்கப்பட்டிருக்கிறது. இன்டெல் பலகைகளில் 'பி.டி.டி.' என்றும், ஏ.எம்.டி. பலகைகளில் 'எஃப்.டி.பி.எம்.' என்றும் அது பெயர் பெறும். இயக்கிவிட்டுச் சோதித்தால் சில கணினிகள் தகுதி பெறும். நுண்செயலியே பழையதாயின் பெறா. அவற்றுக்கு லினக்ஸ் இருக்கிறது. ஆனால் வட்டு பிட்லாக்கரால் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் இவ்வமைப்புகளைத் தொடுமுன் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கையில் வைத்திருக்க வேண்டும். அமைப்பு மாறியதைக் கண்ட கணினி, வந்திருப்பவர் திருடரோ என ஐயுற்று அதைக் கேட்கும். திறவுகோல் இல்லாதவருக்குத் தம் கோப்புகள் கிடைப்பதில்லை. கடைக்காரராலும் அதை மீட்டுத்தர இயலாது.

சில்லில் எழுதுதல்

தொடக்ககாலப் பயாஸ் மாற்ற முடியாதது. பின்னர் மின்சாரத்தாலேயே அழித்து எழுதத்தக்க பிளாஷ் சில்லுகள் வந்தன. பிழைகளைத் திருத்திப் புதிய பதிப்பை ஏற்றும் வசதியோடு ஆபத்தும் உடன்வந்தது. தைவான் நாட்டு மாணவர் ஒருவர் எழுதிய சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல், 1999 ஏப்ரல் 26ஆம் நாள் பல நாடுகளில் கணினிகளைத் தாக்கியது. செர்னோபில் அணுஉலை விபத்தின் நினைவுநாளோடு பொருந்தியதால் அதற்கு அப்பெயரும் வழங்கிற்று. வன்வட்டை அழித்ததோடு நில்லாமல், எழுத இயன்ற பலகைகளில் பயாசையும் அது குப்பையாக்கியது. முதற்கட்டளை இல்லாத கணினி விழிக்கவே இல்லை. அவற்றின் சில்லுகளைக் கழற்றி வேறு கருவியில் வைத்து எழுதியோ, தாய்ப்பலகையையே மாற்றியோதான் மீட்க முடிந்தது.

நச்சுநிரல் செய்ததை ஒரு மின்தடையும் செய்துவிடும். பயாஸ் புதுப்பிக்கப்படும் சில நிமிடங்களில் பழைய நிரல் அழிக்கப்பட்டுப் புதியது எழுதப்படுகிறது. பாதியில் மின்சாரம் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஆகையால் புதுப்பிக்க முனைவோர் தடையிலா மின்வழங்கியின் வழியே கணினியை இணைத்து, அதன் மின்கலம் தாங்குகிறதா என முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும். பலகையின் மாதிரி எண்ணும் அதன் பதிப்பெண்ணும் அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும்; தயாரிப்பாளரின் தளத்தில் அவ்விரண்டுக்கும் உரிய கோப்பை மட்டுமே எடுக்க வேண்டும். பதிப்பெண் ஒன்றில் மாறினாலும் அது வேறு பலகையே. கணினி குறையின்றி இயங்கிக்கொண்டிருக்க, புதியது வந்திருக்கிறது என்பதற்காகவே புதுப்பிப்பதும் தேவையற்றது. புதிய நுண்செயலியைப் பொருத்துதல், அறியப்பட்ட பாதுகாப்புக் குறையை அடைத்தல் போன்ற தெளிவான காரணம் இருக்கும்பொழுது மட்டும் அதில் இறங்கலாம். சில தயாரிப்பாளர்கள் இவ்விபத்தை எண்ணியே பலகையில் இரண்டு பயாஸ் சில்லுகளை வைக்கின்றனர். முதலாவது சிதைந்தால் இரண்டாவது விழித்து, தன்னிலுள்ளதைப் படியெடுத்து முதலாவதை மீண்டும் எழுதுகிறது. வேறு சில பலகைகளின் பின்புறத்தில் தனிப் பொத்தான் ஒன்று உண்டு. உரிய கோப்புள்ள விரலியைச் செருகி அதை அழுத்தினால், நுண்செயலியும் நினைவகமும் பொருத்தப்படாத நிலையிலும் பயாஸ் எழுதப்பட்டுவிடும். எழுதி முடியும்வரை அருகிலுள்ள சிறு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்.